சார்ஜ் இருக்கிறதா? - செல்போன் பாட்டரி படுத்தும் பாடு

எந்த ஊர் பஸ் நிலையத்துக்கு வேண்டுமானாலும் இரவு 9 மணிக்குப் போய்ப் பாருங்கள்.

ஒரு சுவர் ஓரமாக நாலைந்து பேர் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பார்கள். பஸ் வந்தால்கூட சிலர் நகர மாட்டார்கள். காரணம், அந்தச் சுவரில் ஒரு பிளக் இருக்கிறது. அதில் செல்போன்கள் தொங்குகின்றன. அவற்றைக் காவல் காக்கிறார்கள்!

அந்தக் கூட்டத்தில் ஒரு அம்மாள். மகளைக் கல்லூரி விடுதியில் விட்டுவிட்டு ஊர் திரும்புகிறவர் என்று வைத்துக்கொள்வோம்.

அவருடைய பஸ் டிக்கெட் போனுக்குள் இருக்கிறது. ஊரில் இறங்கியதும் அழைத்துப்போக வரவேண்டிய தம்பியின் நம்பரும் போனுக்குள் இருக்கிறது. கையில் உள்ள ரொக்கம் 40 ரூபாய். மீதிப் பணம்? அதுவும் போனுக்குள்தான்.

போனில் உள்ள சார்ஜ் 3 சதவீதம்!

தம்பியின் நம்பர் மனப்பாடமாகத் தெரியுமா என்று கேட்டால், தெரியாது. 20 ஆண்டுகளுக்கு முன்னால் என்றால் பத்து நம்பராவது வாயில் நிற்கும். இப்போது பெற்ற பிள்ளையின் நம்பரே பலருக்குத் தெரிவதில்லை.

அந்த 3 சதவீதம் தீர்ந்தால் அந்த அம்மாள் பணம் இல்லாதவர். டிக்கெட் இல்லாதவர். இரவு 1 மணிக்குத் தனியாக இறங்கி, இருட்டில் நடக்க வேண்டியவர்.

பர்சும் அதுதான், சாவியும் அதுதான்

செல்போன் வந்த புதிதில் அது பேசுவதற்கு மட்டுமே இருந்தது. சார்ஜ் இறங்கினால் பேச்சு நின்றது. அவ்வளவுதான். வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொள்ளலாம்.

இப்போது அப்படி இல்லை. 2016-ம் ஆண்டு யு.பி.ஐ. வந்தது. பணப்பை போனுக்குள் குடிபுகுந்தது. காஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர் ஒரு நம்பர் கேட்கிறார். அது போனில் வருகிறது. பாங்கி கேட்கும் ரகசிய எண்ணும் போனில் வருகிறது. ஆஸ்பத்திரிச் சீட்டு, ரெயில் டிக்கெட், பிள்ளையின் பரீட்சை முடிவு, எல்லாமே அங்கேதான்.

டீக்கடையைப் பாருங்கள். பணம் வாங்கும் அட்டை சுவரில் ஒட்டியிருக்கிறது. அட்டைக்குச் சார்ஜ் வேண்டாம். பணம் கொடுக்கிறவருக்குத்தான் வேண்டும். பணம் வந்துவிட்டது என்று கூவுகிறதே ஒரு சின்னப் பெட்டி, அதற்குள்ளும் ஒரு பாட்டரி இருக்கிறது. கடைக்காரர் மறக்காமல் அதற்கும் சார்ஜ் போடவேண்டும். மறந்தால், வந்த பணத்துக்கும் வராத பணத்துக்கும் தகராறு!

வசதி உள்ளவர்களுக்கு இது பெரிய கஷ்டம் இல்லை. வீட்டில் சார்ஜர், ஆபீசில் சார்ஜர், காரில் சார்ஜர். போனும் புதிது. வீட்டுக்கே ஒரு போன், அதுவும் நாலு வருஷத்துப் போன் என்கிற குடும்பங்கள்தான் திண்டாடுகின்றன. பகலில் அப்பா வேலைக்கு எடுத்துப் போகிறார். மாலையில் மகன் பாடத்துக்குக் கேட்கிறான். இரவில் அம்மா ஊருக்குப் பேசவேண்டும். மூன்று பேருக்கும் ஒரே பாட்டரி!

பெரிய பானை, சிறிய பானை

பலர் ஒரு கேள்வி கேட்கிறார்கள். “அந்தக் காலத்து பட்டன் போன் நாலு நாள் தாங்கியதே. இப்போது இவ்வளவு விலை கொடுத்து வாங்கியும் ஒரு நாள்கூடத் தாங்கவில்லையே, ஏன்?”

நியாயமான கேள்வி.

நோக்கியா 1100 என்ற போனைப் பலருக்கு நினைவிருக்கும். 2003-ல் வந்தது. தலையில் டார்ச் விளக்கு வைத்த போன். உலகம் முழுவதும் 25 கோடிக்கு மேல் விற்றது. அதற்குள் இருந்த பாட்டரியின் அளவு 850.

இன்றைய போன்களில் பெரும்பாலும் 5,000 என்று பெட்டியில் போட்டிருக்கும். பக்கத்தில் ‘எம்.ஏ.எச்.’ என்று எழுதியிருக்கும். பானை எத்தனை படி கொள்ளும் என்கிறோம் அல்லவா? அதுபோல் பாட்டரி எவ்வளவு மின்சாரம் கொள்ளும் என்று சொல்லும் அளவு அது.

ஆக, இன்றைய பானை ஏறக்குறைய 6 மடங்கு பெரிது. ஆனாலும் மாலைக்குள் காலியாகிறது. பானையில் குறை இல்லை. குடிக்கிற வாய்கள் பெருகிவிட்டன!

பழைய போனின் திரை ஒரு தபால் தலையைவிடக் கொஞ்சம்தான் பெரிது. அதுவும் பெரும்பாலும் அணைந்தே கிடக்கும். இன்று உள்ளங்கை அகலத்துக்குக் கண்ணாடி. மணிக்கணக்கில் எரிகிறது. போனில் அதிகம் மின்சாரம் குடிக்கும் பொருள்களில் முதலாவது இந்தத் திரைதான். வெயிலில் நின்றால் திரை தானாகவே இன்னும் பிரகாசமாகிறது. சார்ஜ் இன்னும் வேகமாக இறங்குகிறது.

அடுத்தது டவர். டவர் பக்கத்தில் இருந்தால் போன் மெதுவாகப் பேசினால் போதும். தூரத்தில் இருந்தால்? காது கேளாத பாட்டியிடம் பேசுவது மாதிரி, போன் கத்தவேண்டும். கத்துவதற்குச் சக்தி வேண்டும் அல்லவா? கிராமத்துக்குப் போனால் சார்ஜ் சீக்கிரம் இறங்குகிறதே, ரெயிலில் போனால் கையில் எடுக்காமலே இறங்குகிறதே, அதற்கு இதுதான் காரணம். ரெயில் ஓட ஓட, போன் ஒரு டவரை விட்டு அடுத்த டவரைத் தேடித் தேடி அலைகிறது.

மூன்றாவது, “நீ எங்கே இருக்கிறாய்?” என்று ஓயாமல் விசாரிக்கும் வழிகாட்டி. வானத்தில் உள்ள செயற்கைக் கோள்களைக் கேட்டு, போன் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்துக்கொண்டே இருக்கிறது.

திரை, டவர், வழிகாட்டி. இந்த மூன்றும் சேர்ந்து, மேலே வெயிலும் சேர்ந்துகொண்டால்?

வெயிலில் ஒரு நாள்

சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் பையனைப் பாருங்கள். மோட்டார் சைக்கிளின் கைப்பிடியில் போனை மாட்டியிருக்கிறார். காலை 11 மணியிலிருந்து இரவு 11 மணி வரை திரை எரிகிறது. வழிகாட்டி வேலை செய்கிறது. டவர் மாறிக்கொண்டே இருக்கிறது. போன் நேராகச் சூரியனைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

அவருக்கு ஒரு நாளைக்கு ஒரு முழுச் சார்ஜ் போதாது. இரண்டு வேண்டியிருக்கும்.

நடுவழியில் போன் அணைந்துவிட்டால் போகவேண்டிய வீடு எது என்று தெரியாது. வீட்டுக்காரரைக் கூப்பிட முடியாது. சாப்பாட்டைக் கொடுத்தாலும் கொடுத்ததாகக் குறிக்க முடியாது. அடுத்த ஆர்டர் வராது. பெட்ரோல் இருந்தும் வண்டி நிற்கிறது!

அதனால்தான் ஓட்டல் வாசலில் சாப்பாட்டுக்காகக் காத்திருக்கும் பத்து நிமிடத்தில் அவர் கண்கள் முதலில் பிளக்கைத் தேடுகின்றன. சில ஓட்டல்காரர்கள் இடம் கொடுக்கிறார்கள். சிலர் முகம் சுளிக்கிறார்கள்.

முகம் சுளிக்கும் அளவுக்கு அதில் என்ன செலவு? கணக்குப் போட்டுப் பார்ப்போம். 5,000 அளவுள்ள பாட்டரி ஒன்றை முழுக்க நிரப்ப, வீணாவதையும் சேர்த்து, சுமார் 25 வாட்-மணி மின்சாரம் ஆகும். 1 யூனிட் என்பது 1,000 வாட்-மணி. அதாவது 1 யூனிட் மின்சாரத்தில் 40 தடவை போனை நிரப்பலாம்! தினமும் ஒரு தடவை என்றால் வருஷம் முழுவதற்கும் 9 யூனிட்டுக்கு மேல் சிறிது ஆகும். ஒரு பிளக்கை விட்டுக்கொடுப்பதால் எந்த ஓட்டலும் திவாலாகிவிடாது.

வேடிக்கையும் வேதனையும் என்னவென்றால், யாருடைய கூலி பாட்டரியை நம்பியிருக்கிறதோ, அவருடைய பாட்டரிதான் எல்லோருக்கும் முன்னால் சாகிறது. அது எப்படி என்று தெரிய வேண்டுமானால், பாட்டரிக்குள் நடப்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

இரும்புக் கட்டி விழுந்தது

இன்று எல்லா ஸ்மார்ட்போன்களிலும் இருப்பது லிதியம் பாட்டரி. லிதியம் மிக லேசான உலோகம். ஆனால் முரட்டு உலோகம். ஆரம்ப காலத்தில் லிதியம் உலோகத்தை அப்படியே வைத்துச் செய்த பாட்டரிகள் தீப்பிடித்துத் தொல்லை கொடுத்தன.

ஜப்பான் நாட்டு விஞ்ஞானி அகிரா யோஷினோ ஒரு புதுமாதிரி பாட்டரி செய்தார். லிதியம் உலோகத்தை எடுத்துவிட்டு, ஒரு பக்கம் கரிப் பொருளை வைத்தார். மறு பக்கத்துக்கு ஜான் குட்இனஃப் என்ற விஞ்ஞானி இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டில் இருந்தபோது 1980-ல் கண்டுபிடித்த பொருளை எடுத்துக்கொண்டார். இது தீப்பிடிக்குமா, பிடிக்காதா?

1986-ல் அதைச் சோதித்தார்கள். வெடிமருந்து சோதிக்கும் இடத்துக்குப் பாட்டரிகளைக் கொண்டுபோனார்கள். மேலேயிருந்து ஒரு இரும்புக் கட்டியைப் போட்டார்கள். பழைய மாதிரி பாட்டரி தீப்பற்றி எரிந்தது. யோஷினோவின் பாட்டரி நசுங்கியது. தீப்பிடிக்கவில்லை!

1991-ல் சோனி கம்பெனி இந்தப் பாட்டரியைக் கடைக்குக் கொண்டுவந்தது. 2019-ல் யோஷினோவுக்கும் குட்இனஃபுக்கும் ஸ்டான்லி விட்டிங்ஹாம் என்பவருக்கும் ரசாயனத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. அப்போது குட்இனஃபுக்கு வயது 97. நோபல் பரிசு பெற்றவர்களிலேயே வயதில் மூத்தவர் அவர்தான். 2023-ல், தமது 100-வது வயதில் காலமானார்.

பாட்டரிக்குள் இரண்டு வீடுகள் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். லிதியம் அணுக்கள் குடித்தனக்காரர்கள். சார்ஜ் போடும்போது இந்த வீட்டிலிருந்து அந்த வீட்டுக்குப் போகின்றன. நாம் போனைப் பயன்படுத்தும்போது திரும்பி வருகின்றன. ஒவ்வொரு பயணத்திலும் சில அணுக்கள் வழியில் மாட்டிக்கொள்கின்றன. திரும்புவதில்லை. இப்படியே நாளாக நாளாக ஆள் குறைகிறது. பாட்டரி கிழடாகிறது.

சாதாரணமாக 500 முழுச் சார்ஜ் ஆனபிறகு 100 கொண்ட பாட்டரி 80-தான் கொள்ளும். புதிய போன்கள் சில 800, 1,000 வரை தாங்குகின்றன. பாதிச் சார்ஜை இரண்டு தடவை போட்டால் அது ஒரு முழுச் சார்ஜ் கணக்கு.

தினம் பாதிச் சார்ஜ் செலவழிக்கும் தாத்தாவுக்கு 500 தீர 1,000 நாள் ஆகும். ஏறக்குறைய 3 வருஷம். தினம் இரண்டு சார்ஜ் செலவழிக்கும் சாப்பாட்டுப் பையனுக்கு? 250 நாள். 8 மாதம்தான்!

அதோடு முடியவில்லை. பாட்டரிக்குப் பெரிய எதிரி சூடு. வெளிச்சூடு 35 டிகிரிக்கு மேல் போனால் பாட்டரிக்கு நிரந்தரமான கெடுதல் வரலாம் என்று ஐபோன் செய்யும் ஆப்பிள் கம்பெனியே எச்சரிக்கிறது. நம் ஊர்ச் சித்திரை வெயிலுக்கு 35 டிகிரி என்பது காலை நேரக் கணக்கு! கொதிக்கும் போனில் சார்ஜும் சரியாக ஏறாது. சூடு தணியட்டும் என்று போனே நிறுத்திவிடும்.

மோட்டார் சைக்கிளில் போனை மாட்டுகிறவர்கள் அதற்கு மேல் நிழலுக்கு ஒரு சிறு தடுப்பு வைத்துக்கொள்வது நல்லது. சிக்னலில் நிற்கும்போது சிலர் கைக்குட்டையைப் போட்டு மூடுகிறார்கள். பார்க்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் விஷயம் தெரிந்தவர்கள் அவர்கள்!

பாட்டி காலத்து நம்பிக்கை

“புதுப் போன் வாங்கினால் முதல் நாள் 8 மணி நேரம் சார்ஜ் போடவேண்டும்.” “முழுக்கத் தீர்ந்தபிறகுதான் மறுபடி சார்ஜ் போடவேண்டும்.” இப்படிச் சொல்கிறவர்கள் இன்னும் உண்டு. இவை பழைய நிக்கல் பாட்டரி காலத்துப் பாடம். லிதியம் பாட்டரிக்கு இது நேர் விரோதம். அடியோடு காய விடுவதும் கெடுதல். எந்நேரமும் 100-ல் நிறுத்தி வைப்பதும் கெடுதல். 20-க்குக் கீழே இறங்காமல், 80 பக்கத்தில் நிறுத்தினால் நீண்ட நாள் உழைக்கும். 80-ல் தானாக நிறுத்தும் வசதி இப்போது பல போன்களில் இருக்கிறது.

இன்னொரு பழக்கம். போனில் திறந்திருப்பதையெல்லாம் விரலால் தள்ளித் தள்ளி மூடிக்கொண்டே இருப்பார்கள். சார்ஜ் மிச்சம் என்று நினைப்பு. மிச்சம் இல்லை. மறுபடி திறக்கும்போது முதலிலிருந்து தொடங்க வேண்டியிருப்பதால், கூடவும் செலவாகலாம்.

வெளிச்சத்தைக் குறையுங்கள். வேலை இல்லாதபோது வழிகாட்டியை அணைத்து வையுங்கள். டவர் இல்லாத வழியில் ‘விமான’ நிலையில் போடுங்கள். இந்த மூன்றும் மிச்சப்படுத்துவதற்கு முன்னால் மற்ற வித்தைகள் எல்லாம் தூசி.

இரவில் தலையணைக்கு அடியில் சார்ஜ் போட்டுத் தூங்குவது மட்டும் கூடவே கூடாது. சூடு வெளியேற வழி இல்லை. போனின் முதுகு உப்பினாலும் உடனே நிறுத்திவிடுங்கள். அழுத்திப் பார்க்காதீர்கள். குத்திப் பார்க்கவே பார்க்காதீர்கள். குப்பையிலும் போடாதீர்கள். பழுது பார்ப்பவரிடம் கொடுத்துவிட வேண்டும். 2016-ல் சாம்சங் கம்பெனியின் நோட் 7 போன்கள் தீப்பிடித்து, கம்பெனி அந்தப் போனையே கைவிட நேர்ந்தது. பெரிய கம்பெனிக்கே அந்தக் கதி. நடைபாதையில் வாங்கிய பெயர் தெரியாத சார்ஜரை நம்பிப் பிள்ளைகள் பக்கத்தில் வைக்கலாமா?

ரெயிலில்கூட இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை சார்ஜ் போடும் இடங்களில் மின்சாரத்தை நிறுத்தும் ஏற்பாட்டை 2021-ல் ரெயில்வே கொண்டுவந்தது. தீ விபத்துப் பயம்தான் காரணம். இரவு ரெயிலுக்குப் போகிறவர்கள் 11 மணிக்குள் சார்ஜை முடித்துக்கொள்வது நல்லது.

புதுப் போனா, புதுப் பாட்டரியா?

“போன் மெதுவாகிவிட்டது, சார்ஜ் நிற்கவில்லை, புதிது வாங்கவேண்டும்” என்று சொல்லி, தவணைக்குப் புதுப் போன் எடுக்கிறவர்கள் ஏராளம். பல நேரங்களில் போன் நன்றாகவே இருக்கும். கிழடானது பாட்டரி மட்டும்தான்.

2017 டிசம்பரில் ஒரு விஷயம் வெளியே வந்தது. பாட்டரி பழசான ஐபோன்களை, திடீரென்று அணைந்துவிடாமல் இருப்பதற்காக, வேகம் குறைத்து ஓடும்படி ஆப்பிள் கம்பெனி செய்திருந்தது. ஜனங்களுக்குச் சொல்லவில்லை. பாட்டரியை மாற்றியதும் போன் மறுபடி வேகமாக ஓடியது! கம்பெனி மன்னிப்புக் கேட்டது. அமெரிக்காவில் பாட்டரி மாற்ற 79 டாலராக இருந்த கட்டணத்தை 29 டாலராகக் குறைத்தது.

பழைய போனில் நகத்தால் மூடியைத் திறந்து நாமே பாட்டரியை மாற்றினோம். இன்று பசை போட்டு ஒட்டி மூடிவிடுகிறார்கள். தண்ணீர் புகாது, மெல்லிசாக இருக்கும் என்பது கம்பெனிகளின் வாதம். இருக்கலாம். ஆனால் 8 மாதத்தில் பாட்டரி தீர்ந்துபோகிறவர்களுக்கு அந்த மெல்லிசால் என்ன லாபம்?

ஐரோப்பிய நாடுகள் இதற்குச் சட்டம் போட்டிருக்கின்றன. 2025 ஜூன் 20-ந் தேதிக்குப் பிறகு அங்கே விற்பனைக்கு வரும் ஸ்மார்ட்போன்களின் பாட்டரி 800 சார்ஜுக்குப் பிறகும் 80 சதவீதம் தாங்கவேண்டும். உபயோகிப்பவரே பாட்டரியைக் கழற்றி மாற்றும்படி இருக்கவேண்டும் என்ற இன்னொரு சட்டத்துக்கு 2027 பிப்ரவரி என்று நாள் குறித்தார்கள். சில விலக்குகளும் உண்டு. நம் ஊரில் போன் வாங்கப் போகிறவர்களும் கேமராவைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால், “பாட்டரி மாற்ற எவ்வளவு ஆகும்? எங்கே மாற்றலாம்?” என்று கேட்டுவிடலாம்.

புயல் அடித்த நாட்கள்

தினசரி வாழ்க்கையில் சார்ஜ் என்பது கூலி, பணம், டிக்கெட். மின்சாரமே போய்விட்ட நாளில் அது வேறு ஒன்று.

2015 டிசம்பர் தொடக்கத்தில் சென்னையில் வெள்ளம். அடையாற்றுக் கரையில் வீடுகள் மூழ்கின. மின்சாரம் நின்றது. மாடியில் ஏறி நின்றவர்களின் போன்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. வெளியூரில் இருந்த உறவினர்கள் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்தார்கள். ஆள் இருக்கிறாரா, இல்லையா என்றே தெரியவில்லை.

அப்படிப்பட்ட நாளில் 20 சதவீதத்தை இரண்டு நாளுக்கு நீட்ட முடியும். போனை ‘விமான’ நிலையில் போட்டுவிட்டு, இரண்டு மணிக்கு ஒரு தடவை ஐந்து நிமிடம் மட்டும் திறக்கவேண்டும். பேச முடியாத இடத்திலிருந்தும் எழுத்துச் செய்தி சில சமயம் போய்விடும். போனில் உள்ள டார்ச்சைத் தொடக்கூடாது. அதற்கு மெழுகுவர்த்தி இருக்கிறது.

புயல் எச்சரிக்கை வந்தவுடன் ‘பவர் பாங்க்’ வைத்திருப்பவர்கள் அதை நிரப்பி வைக்கவேண்டும். அதில் 10,000 என்று போட்டிருக்கும். 5,000 போனை இரண்டு தடவை நிரப்பலாம் என்று கணக்குப் போட்டுவிடாதீர்கள். மின்சாரத்தை மாற்றிக் கொடுப்பதில் ஒரு பகுதி போய்விடும். நடைமுறையில் 6,000 சொச்சம்தான் போனுக்கு வரும். ஒரு தடவை நிரம்பும், கொஞ்சம் மிஞ்சும். தெரியாமல் இரண்டாவது தடவையை நம்பி வீடியோ பார்த்துத் தீர்த்தவர்கள் உண்டு.

2018 நவம்பர் 16-ந் தேதி அதிகாலை. கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறியது. தென்னைகள் சாய்ந்தன. மின்சாரக் கம்பங்கள் ஆயிரம் ஆயிரமாக விழுந்தன. பல கிராமங்களில் வாரக்கணக்கில் விளக்கு எரியவில்லை.

ஜெனரேட்டர் ஓடிய இடத்துக்கெல்லாம் ஜனங்கள் போனைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். ஒரே பலகையில் பல வீட்டுப் போன்கள் சேர்ந்து கிடந்தன. கொஞ்சம் ஏறியதும், டவர் கிடைக்கும் இடம் தேடிப் போனார்கள். திருப்பூரிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்க்கும் பிள்ளைகளைக் கூப்பிட்டார்கள். தென்னை போனதையும் கூரை போனதையும் அப்புறம்தான் சொன்னார்கள். ஆட்கள் பிழைத்திருக்கிறோம் என்பதை முதலில் சொன்னார்கள்.